மூடப்பட்ட அணுமின் நிலையத்தில் வேலைக்குப் போகிறீர்களா? யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட முன்னும், உள்ளே போன பின்னும் செய்ய வேண்டியவை

சாவகச்சேரியில் அம்மா வீட்டு விறாந்தையில் போன மாதம் ஒரே கிழமைக்குள் மூன்று பேர் கோப்புகளோடு வந்திருந்தார்கள். மூவருமே குடும்ப விசாவில் இங்கிலாந்துக்குப் போக இருப்பவர்கள். “அங்கே மூடின அணுமின் நிலையங்களில் ஆள் எடுக்கிறார்களாம், என்னென்ன கொண்டுபோக வேணும் அக்கா?” என்பதுதான் மூவரின் கேள்வியும்.

நான் 2019 இல் அப்படி ஒரு நிலையத்தில் கழிவு பிரிக்கும் பகுதியில் உதவியாளராகச் சேர்ந்தேன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலை. வேலை உறுதியான பிறகும் நிலையத்துக்குள் கால் வைக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதில் பெரும்பகுதி, ஊரில் இருந்தபோதே எடுத்திருக்கக்கூடிய இரண்டு கடதாசிகளுக்காகப் போனது. உள்ளே போன பிறகு பட்ட பாடு வேறு. அந்த மூவருக்கும் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

விசா எடுப்பது பற்றி இதில் இல்லை. இங்கிலாந்தில் வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே கிடைத்தவர்களுக்கு, அல்லது கிடைக்கப் போகிறவர்களுக்குத்தான் இது.

1. எங்கே போகிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மூடப்பட்ட நிலையம் என்றால் மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிட்ட நிலையம். எரிபொருளை எல்லாம் எடுத்து, பாவித்த எரிபொருளைக் கையாளும் செல்லாஃபீல்டு தளத்துக்கு அனுப்பிய பிறகு, அந்த இடத்தில் இருந்த கதிரியக்கத்தில் ஏறக்குறைய 99 வீதம் அதோடு போய்விடும். மிச்சம் இருக்கும் ஒரு வீதத்தைக் கழற்றி, பிரித்து, பொதி செய்து அனுப்புவதற்குத்தான் பல பத்து வருட வேலை இருக்கிறது. உலையின் நடுவில் கிராஃபைட், அதைச் சுற்றி உருக்குக் கலம், எரிபொருளைத் தண்ணீரில் வைத்திருந்த தொட்டிகள், அவற்றின் அடியில் தேங்கிய சேறு, இவைதான் முக்கியமானவை. உருக்கில் இருந்து வரும் கதிர்வீச்சு பெரும்பாலும் கோபால்ட்-60 இனுடையது. அது ஐந்தே கால் வருடத்தில் பாதியாகக் குறையும். தொட்டிச் சேற்றில் இருக்கும் சீசியம்-137 பாதியாக 30 வருடம் வேண்டும். பிராட்வெல் நிலையத்தை 2018 இல் பெரும்பகுதி கழற்றி, உலையை மட்டும் மூடிப் பூட்டிக் காத்திருக்கும் நிலைக்குக் கொண்டுவந்ததற்கு இந்தக் குறைவுக் கணக்கும் ஒரு காரணம்.

யார் யார் என்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நேர்முகத் தேர்வில் கேட்பார்கள். நிலையங்களின் பொறுப்பும் காசும் அணுசக்தி நீக்கல் ஆணையத்திடம், அதாவது என்.டி.ஏ.யிடம் இருக்கிறது. மக்னொக்ஸ் எனப்படும் பழைய வகை நிலையங்களில் வேலையை நடத்துவது என்.ஆர்.எஸ். என்ற நிறுவனம்; 2024 வரை அதற்கு மக்னொக்ஸ் என்றுதான் பெயர். இவை இரண்டுமே பரிசோதகர்கள் அல்ல. பாதுகாப்பைப் பரிசோதிப்பது அணுசக்தி ஒழுங்குமுறை அலுவலகம், எல்லோரும் ஓ.என்.ஆர். என்றே சொல்வார்கள். கழிவு, காற்றில் விடுவது, கடலில் விடுவது ஆகியவற்றுக்கு இங்கிலாந்தில் சுற்றாடல் முகவரகம் தனியாக அனுமதி கொடுத்துப் பார்க்கிறது.

காசு செலவில்லாத ஒரு வேலை: உங்கள் நிலையத்தின் பெயரைப் போட்டு ஓ.என்.ஆர். இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். பரிசோதகர் என்ன பார்த்தார், நிலையத்தின் உரிமத்தில் உள்ள எந்த நிபந்தனையின் கீழ் பார்த்தார், பச்சையா மஞ்சளா சிவப்பா என்ன தரம் கொடுத்தார் என்பதை வெளியிடுகிறார்கள். பச்சை என்றால் மேல் நடவடிக்கை இல்லை. மற்ற இரண்டும் வந்தால் எதில் குறை என்று எழுதியிருக்கும். கடைசி இரண்டு மூன்று அறிக்கைகளை நல்லூர்த் திருவிழா லீவில் இருந்து வாசித்தாலே போதும், நேர்முகத்துக்குப் போகும்போது உங்களுக்கு அந்த இடம் தெரியும்.

2. உங்கள் பெயரை ஒரே பெயராக்குங்கள்

என் ஐந்து மாதத்தில் முதல் பொறி இது. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர் முன்னால் வரும். அடையாள அட்டையில் முதலெழுத்து, கடவுச்சீட்டில் முழுப்பெயர், பாடசாலைச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல். “ரத்தினம்” என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ‘எச்’ போடுவார், மற்றவர் விடுவார். கலியாணம் முடித்த பெண்களுக்கு அதற்கு மேல் கணவரின் பெயரும் சேரும். ஊரில் இதை யாரும் கேட்பதில்லை. அங்கே பாதுகாப்பு விசாரணை செய்பவருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் என்றால் இரண்டு ஆள்.

பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, கடவுச்சீட்டை நடுவில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கடவுச்சீட்டுத்தான் அளவுகோல். தமிழில் உள்ள ஆவணங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, “பெயர் இதில் உள்ளபடி வர வேணும்” என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆளிடம், ஒரே நாளில் கொடுங்கள். நான் பிறப்புச் சான்றிதழை ஒருவரிடமும் விவாகச் சான்றிதழை இன்னொருவரிடமும் கொடுத்தேன். இரண்டு கடதாசியிலும் என் அப்பாவின் பெயர் இரண்டு விதமாக வந்தது.

ஆவணத்திலேயே பெயர் மாறியிருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் திருத்தம் செய்ய வேண்டுமானால் பிரதேச செயலகத்தில் அதற்கு நாள் பிடிக்கும். விமானச்சீட்டு வாங்க முன் தொடங்குங்கள். அங்கே இருந்துகொண்டு அம்மாவை அலைய வைக்காதீர்கள். என் அம்மா நாலு தரம் பஸ் ஏறினார்.

3. மூன்று வருடக் கணக்கும் பொலிஸ் சான்றிதழும்

நிலையத்துக்குள் போகும் எவருக்கும் அடிப்படைப் பாதுகாப்பு விசாரணை உண்டு. பி.பி.எஸ்.எஸ். என்பார்கள். நாலு விடயம் பார்ப்பார்கள்: நீங்கள் யார், வேலை செய்யும் உரிமை இருக்கிறதா, கடந்த மூன்று வருடம் எங்கே என்ன செய்தீர்கள், குற்றப்பதிவு இருக்கிறதா. அந்த மூன்று வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்திருந்தால் அந்தக் காலத்துக்கு அத்தாட்சி வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாகப் போகும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

பொலிஸ் நற்சான்றிதழை ஊரில் இருக்கும்போதே எடுங்கள். கொழும்புக்குப் போய் நிற்க வேண்டியதில்லை, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு முகவரிக்கும் உரிய பொலிஸ் நிலையத்துக்கு விசாரணை போகும். அதனால் இருந்த இடங்கள் எல்லாவற்றையும் விடாமல் எழுத வேண்டும். படிக்கும்போது கொழும்பில் வாடகை அறையில் இருந்த ஆறு மாதத்தை ஒரு தம்பி விட்டுவிட்டார். பல்கலைக்கழகக் கடிதத்தில் அந்த முகவரி இருந்தது. இரண்டும் பொருந்தாமல் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நான் இங்கிலாந்து போன பிறகு உயர்ஸ்தானிகராலயம் வழியாக விண்ணப்பித்தேன். சான்றிதழ் கைக்கு வரப் பதினொரு கிழமை.

அதோடு இவற்றையும் எடுத்து வையுங்கள்:

- கடந்த மூன்று வருடத்தில் வேலை செய்த ஒவ்வொரு இடத்திலும் கடிதம். தொடங்கிய திகதி, முடிந்த திகதி, பதவி, தொடர்புகொள்ளக்கூடிய ஒருவரின் மின்னஞ்சல் நான்கும் இருக்க வேண்டும். கடையிலோ தோட்டத்திலோ சொந்தக்காரருக்குக் கீழ் வேலை செய்திருந்தாலும் கடிதம் வேண்டும்.
- வேலை இல்லாமல் வீட்டில் இருந்த காலத்துக்குக் கிராம அலுவலரின் வதிவிட, நற்சான்றுக் கடிதம், பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு. இது ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். எனவே கடைசியில் எடுங்கள்.
- வங்கிக் கணக்குக் கூற்று. வதிவிடத்தையும் சம்பளத்தையும் ஒருங்கே காட்டும்.

இடைவெளியை மறைக்காதீர்கள். ஐந்து மாதம் சும்மா இருந்தால் “வேலை தேடிக்கொண்டிருந்தேன்” என்றே எழுதுங்கள். அதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை. திகதியை இழுத்து நீட்டி மூடப் பார்த்தால்தான் பிரச்சினை. பொய் பிடிபட்டால் அந்த நிறுவனம் மட்டும் கைவிடாது, வேறு தளங்களுக்குப் போவதும் கஷ்டமாகிவிடும்.

இங்கிலாந்துக்குப் போன பிறகு வேலை உரிமையைக் காட்ட இணையத்தில் ஒரு பகிர்வு இலக்கம் எடுக்க வேண்டும். அது 90 நாளைக்குத்தான் செல்லுபடியாகும். விண்ணப்பம் போட்ட அன்று எடுத்துக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். விசாரணை அந்த இலக்கத்தைப் பார்க்கும்போது காலம் முடிந்திருக்கும்.

பி.பி.எஸ்.எஸ்.ஸுக்கு மேலே இன்னும் கடுமையான விசாரணைப் படிகள் இருக்கின்றன. சி.டி.சி.க்குப் பொதுவாக மூன்று வருடமும், எஸ்.சி.க்கு ஐந்து வருடமும் இங்கிலாந்தில் வசித்திருக்க வேண்டும். புதிதாகப் போகிறவர் விளம்பரத்தில் இந்த எழுத்துகளைப் பார்த்தால் அந்த வேலைக்கு விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அடிப்படை விசாரணையோடு எடுக்கும் கழிவு, சாரம் கட்டுதல், துப்புரவு, களஞ்சிய வேலைகளில் தொடங்குங்கள்.

4. யார் காசு கட்ட வேண்டும்

இதை விளங்கிக்கொண்டால் லட்சக்கணக்கில் மிஞ்சும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு முகவர் அந்த மூவரில் ஒருவரிடம் “அணுமின் நிலைய வேலைக்கான பாதுகாப்பு அனுமதி” என்று நாலு லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார். அப்படி ஒன்றை யாரும் விற்க முடியாது. பாதுகாப்பு விசாரணையை வேலை கொடுக்கும் நிறுவனம்தான் கேட்கும், நீங்களாகப் போட முடியாது. வேலை தேடித் தருவதற்காக ஆளிடம் காசு வாங்குவதை இங்கிலாந்தில் 1973 ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது.

பாதுகாப்பு உடை, கதிர்மானி, மருத்துவப் பரிசோதனை மூன்றுக்கும் உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கக் கூடாது. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புக்குத் தொழிலாளியிடம் காசு அறவிடக்கூடாது என்று 1974 ஆம் ஆண்டின் வேலைத்தலச் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு சொல்கிறது. துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் என் முதல் சம்பளத்தில் சப்பாத்துக்கு என்று 45 பவுண்ஸ் கழித்தார். நான் பேசாமல் இருந்தேன். கூட வேலை செய்த வேல்ஸ்காரப் பெண்தான் இந்தப் பிரிவைக் காட்டித் தந்தார். மின்னஞ்சல் அனுப்பினேன், அடுத்த மாதம் திரும்பி வந்தது.

உங்கள் கையில் இருந்து போகக்கூடியவை: கட்டுமான வேலை என்றால் சி.எஸ்.சி.எஸ். எனப்படும் தகுதி அட்டை (நான் எடுத்தபோது 36 பவுண்ஸ், தேர்வுக் கட்டணம் வேறு), சில தளங்கள் கேட்கும் பாதுகாப்புப் பாஸ்போர்ட் வகுப்பு. அது மூன்று வருடத்துக்குச் செல்லும். இரண்டையும் வேலை கிடைக்க முன் ஓடிப்போய் எடுக்க வேண்டாம். பல நிறுவனங்கள் தாமே கட்டுகின்றன, கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பக்கச் செலவு, அதாவது மொழிபெயர்ப்பு, பொலிஸ் சான்றிதழ், சத்தியக்கடதாசி, தபால் எல்லாம் சேர்த்து ஒரு தம்பிக்கு அண்மையில் 25,000 ரூபாய்க்குள் முடிந்தது.

5. மருத்துவப் பரிசோதனை

உடம்பில் படும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். வருடத்துக்கு 6 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படக்கூடிய வேலை என்றால் உங்களை ‘வகைப்படுத்தப்பட்ட’ தொழிலாளி ஆக்குவார்கள். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு முன் நியமிக்கப்பட்ட வைத்தியர் ஒருவர் பார்ப்பார், பிறகு ஒவ்வொரு வருடமும் மீளாய்வு. தோல், மூச்சு, மூடிய இடத்தில் முகக்கவசத்தோடு இருக்க முடியுமா என்பதைத்தான் கூடுதலாகக் கேட்பார்கள். எக்சீமா போன்ற தோல் நோயை மறைக்க வேண்டாம். வெடித்த தோல் வழியாக அழுக்கு, அதாவது ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கத் தூசு, உள்ளே போகலாம் என்பதால்தான் கேட்கிறார்கள்.

ஊரில் செய்த சிகிச்சைகளின் கடதாசிகளையும் கொண்டுபோங்கள். முக்கியமாக, தைரொய்டுக்குக் கதிரியக்க அயடீன் குடித்தவர்கள், எலும்பு ஸ்கான் போன்றவற்றுக்கு கதிரியக்க மருந்து ஏற்றியவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அண்மையில் ஏற்றியிருந்தால் வாசலில் உள்ள கருவி அலறும். முதல் நாளே நிலையம் உங்கள் உடலில் அழுக்கைத் தேடி அலையும்.

பெண்களுக்கு ஒரு விடயம். கர்ப்பம் என்று தெரிந்ததும் எழுத்தில் அறிவியுங்கள். அறிவித்த நாளிலிருந்துதான் சட்டப் பாதுகாப்பு தொடங்கும். மிச்சக் காலம் முழுவதற்கும் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாதபடி வேலையை மாற்ற வேண்டும். நாள் பார்த்து, மூன்று மாதம் கழித்துச் சொல்வோம் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். இந்த வேலையில் அது கூடாது. வீட்டுக்குச் சொல்ல முன் மேற்பார்வையாளருக்குச் சொல்லுங்கள், இரகசியமாக வைத்திருக்கும்படி கேட்கலாம்.

6. கதிர்மானியை உங்கள் உடம்பிலேயே வைத்திருங்கள்

இரண்டு கிடைக்கும். ஒன்று சிறிய அட்டை. அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அனுப்பி வாசிப்பார்கள், சட்டப்படி உங்கள் கணக்கு அதுதான். மற்றது மின்னணு மானி. அது அந்த இடத்திலேயே எண்ணைக் காட்டி, கூடினால் சத்தம் போடும்.

சட்ட வரம்பு வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். 15 ஐத் தாண்டினால் நிறுவனம் கட்டாயம் விசாரிக்க வேண்டும், பல தளங்கள் அதைவிடக் குறைந்த எண்ணிலேயே நிறுத்துகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க: இங்கிலாந்தில் வீட்டில் இருக்கும் சாதாரண ஆளுக்கு மண், காற்று, உணவு, எக்ஸ்றே எல்லாவற்றிலும் இருந்து வருடத்துக்குச் சராசரியாக 2.7 மில்லிசீவர்ட் படுகிறது. வீட்டார் பயந்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். புல்மோட்டைக் கடற்கரை மணலிலேயே தோரியம் கலந்த மொனசைட் இருக்கிறது என்றும் சொல்லலாம், என் அம்மாவுக்கு அதுதான் விளங்கியது.

பொறிகள்: அட்டையை ஜக்கெட்டில் குத்திவிட்டு ஜக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போடுவது. விமான நிலையத்தில் பைக்குள் மறந்து எக்ஸ்றேயில் அனுப்புவது. தொலைத்துவிட்டு, பேச்சு விழும் என்று சொல்லாமல் இருப்பது. எண் கூடினால் வேலை போய்விடும் என்று பயந்து அட்டையை அலுமாரியில் வைத்துவிட்டுப் போன ஒரு பொடியனை எனக்குத் தெரியும். நல்ல பிள்ளை, வீட்டுக்குக் காசு அனுப்ப வேண்டிய நெருக்கடி. அவருக்கு அந்த மாதம் எவ்வளவு பட்டது என்பது இனி ஒருநாளும் யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஒரு வருத்தம் வந்தால் அவருக்காகப் பேசக்கூடிய ஒரே கடதாசியை அவரே வெறுமையாக்கிவிட்டார்.

7. தடுப்பைக் கடப்பது

அழுக்கு இருக்கக்கூடிய பகுதிக்கு முன்னால் நீளமாக ஒரு வாங்கு இருக்கும். இந்தப் பக்கம் உங்கள் சப்பாத்து, அந்தப் பக்கம் அவர்களின் சப்பாத்து. வாங்கில் இருந்து ஒரு காலை மாற்றி அந்தப் பக்கம் வைத்து, பிறகு மற்றக் காலை மாற்ற வேண்டும். திரும்பி வரும்போது கையுறை, மேலங்கி, சப்பாத்து என்று சொல்லித் தரும் ஒழுங்கிலேயே கழற்றி, கையையும் காலையும், பிறகு முழு உடம்பையும் கருவியில் அளந்துதான் வெளியே வரலாம். வேலை நேரத்தில் அரை மணித்தியாலம் இதற்கே போகும். அவசரப்பட வேண்டாம், அதற்கும் சம்பளம் உண்டு.

உள்ளே சாப்பாடு, தண்ணீர், வெற்றிலை, பபிள்கம், சிகரெட் ஒன்றும் கிடையாது. விரலில் சிறு வெட்டு இருந்தாலும் போக முன் காட்டுங்கள்.

கையில் கட்டும் கோயில் நூலைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நூல் வியர்வையை உறிஞ்சும், அதோடு அழுக்கையும் உறிஞ்சும், கழுவினால் போகாது. அழுக்குப் பட்டால் அது கழிவாகத்தான் போக வேண்டும். தாலிக்கொடியும் அப்படித்தான். என் தளத்தில் அந்தப் பகுதிக்குப் போகும் நாட்களில் நகை எதுவும் கூடாது என்றார்கள். மாமி முதலில் மிகவும் மனம் வருந்தினார். கொடியில் அழுக்குப் பட்டு எடுக்க முடியாமல் போனால் அது வெளியே வராது, கழிவுப் பெட்டியோடு போய்விடும் என்று விளங்கப்படுத்தினேன். அவரே ஒரு சிறிய வெள்ளிப் பேழை வாங்கித் தந்து, வேலைக்குப் போக முன் சாமியறையில் வைக்கச் சொன்னார். உங்கள் வீட்டிலும் இதை வேலை தொடங்க முன்னமே கதைத்துவிடுங்கள்.

பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு மென்டில்களையும் பையில் வைத்துக்கொண்டு தளத்துக்குப் போகாதீர்கள். பழையவற்றில் தோரியம் இருக்கும், கருவி கண்டுபிடிக்கும்.

நான் ஆறு வருடத்தில் கண்ட காயங்கள் எல்லாம் ஏணியில் இருந்து விழுந்தது, விரல் நசிந்தது, முதுகு பிடித்தது. கதிர்வீச்சைப் பார்த்துக்கொண்டு ஏணியை மறந்துவிடாதீர்கள். பழைய கட்டடங்களில் அஸ்பெஸ்டஸ் நிறைய. ‘தொடாதே’ என்று ஒட்டியிருந்தால் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது.

8. வாசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்

ஒவ்வொரு வேலைக்கும் எழுதிய அறிவுறுத்தல் உண்டு, அனுமதிப்பத்திரம் உண்டு. நிலையத்தின் உரிமத்தோடு 36 நிபந்தனைகள் வருகின்றன, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புதிதாகப் போகிறவர் காதில் அடிக்கடி விழுபவை இவை: 7 சம்பவங்களை அறிவிப்பது, 10 பயிற்சி, 11 அவசரகால ஏற்பாடு, 12 தகுதியும் அனுபவமும் உள்ளவரே செய்வது, 24 இயக்க அறிவுறுத்தல்கள், 28 பராமரிப்பும் சோதனையும், 32 கழிவு தேங்குவது, 34 கசிவு, 35 நிலையத்தைக் கழற்றுவது. யாராவது “எல்.சி. 28”, அதாவது உரிம நிபந்தனை 28, என்றால் திருதிருவென்று முழிக்காமல் இருக்க இவ்வளவும் போதும்.

எங்கள் ஆட்களுக்கு இரண்டு பழக்கம் இடைஞ்சல். ஒன்று, விளங்காவிட்டாலும் “ஓம் ஓம்” என்பது. மற்றது தலையாட்டுவது. நாங்கள் ஓம் என்று பக்கவாட்டில் ஆட்டும் தலையை அவர்கள் இல்லை என்று எடுக்கிறார்கள். வாயால் சொல்லுங்கள். விளங்காத சொல்லைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி மாலையில் கேளுங்கள். வேலை சம்பந்தப்பட்டதாக இருந்தால் மாலை வரை காத்திருக்காமல் அப்போதே கேளுங்கள். “எனக்கு விளங்கவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள்” என்று ஒருநாளில் பத்துத் தரம் சொன்னாலும் யாரும் கோபிப்பதில்லை. எழுதியது ஒன்று, அங்கே இருப்பது வேறு என்றால் வேலையை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். வால்வின் இலக்கம் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அப்படித்தான்.

9. பரிசோதகர் வரும் நாள்

இதைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நாங்கள் சோதனைச் சாவடிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்து, கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்லி, கண்ணைப் பார்க்காமல் கடந்து போவது எங்கள் உடம்பில் ஊறியிருக்கிறது. ஓ.என்.ஆர். பரிசோதகரைக் கண்டதும் உடம்பு அதையே செய்யும். என் உடம்பும் செய்தது.

சேர்ந்து எட்டாவது மாதம். ஒரு பெண் பரிசோதகர் தளத்து ஆட்களோடு எங்கள் பகுதிக்கு வந்தார். நான் பைகளை அளந்து பிரித்துக்கொண்டிருந்தேன். “இந்தப் பை இந்தப் பக்கம் போக வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? செய்து காட்டுங்கள்” என்று கேட்டார். அறிவுறுத்தலில் உள்ளபடி காட்டினேன். அடுத்ததாக, கையில் இருந்த கருவியின் பக்கத்தில் ஒட்டியிருந்த சோதனைத் திகதியைப் பார்த்தார். இரண்டு நாளைக்கு முன் முடிந்திருந்தது. இந்தக் கருவிகளை வருடத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். “இதைக் கவனித்தீர்களா?” என்றார்.

காலையிலேயே கவனித்திருந்தேன். மேற்பார்வையாளர் அவசரத்தில் இருந்தார், இரண்டு நாள்தானே என்று விட்டுவிட்டேன். “இல்லை” என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஏனோ உண்மையைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார், ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். ஆள் அவசரத்தில் இருந்தார், நான் புதிது, கேட்கப் பயம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். கருவியை ஒதுக்கினார்கள், அந்த இரண்டு நாளில் அளந்த பைகளைத் திரும்ப அளந்தோம். எனக்குத் தண்டனை இல்லை. அடுத்த கிழமையில் இருந்து காலையில் கருவி எடுக்கும்போதே திகதியைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் தாள் வந்தது. புதியவர்கள் கேள்வி கேட்க ஒரு ஆளையும் ஒதுக்கினார்கள். நான் “இல்லை” என்றிருந்தால் கருவியை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள்.

அதனால் அந்த நாளுக்கு என்ன செய்வது என்றால்:

வழக்கமாகச் செய்வதையே செய்யுங்கள். பரிசோதகருக்காக விசேடமாக ஒன்றும் செய்யாதீர்கள். முந்திய நாள் யாராவது தாள்களில் விட்டுப்போன கையெழுத்துகளைப் போட்டு நிரப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது ஒழுங்கு செய்வது அல்ல, பொய் ஆவணம்.

உங்கள் வேலையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். தெரியாததை “எனக்குத் தெரியாது, இன்னாருக்குத் தெரியும்” என்று சொல்லுங்கள். அறிவுறுத்தல் தாள் எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரிந்தால் அதுவே நல்ல பதில். ஆங்கிலம் தடுமாறினால் மெதுவாகக் கதைக்கும்படி கேளுங்கள். “சேர், மேடம்” என்று எழும்பி நிற்க வேண்டியதில்லை, அவர்கள் முதல் பெயரைச் சொல்லித்தான் அறிமுகமாவார்கள்.

அவருக்கு அதிகாரம் நிறைய உண்டு. எந்த நேரமும் வரலாம், யாரிடமும் கேட்கலாம், வேலையை நிறுத்தும் அறிவித்தல் கொடுக்கலாம். அந்த அதிகாரம் நிலையத்தின் மேல். அது உங்களைக் காப்பதற்காக இருக்கிறது. மேற்பார்வையாளரிடம் சொல்லியும் நடக்காத ஆபத்தை நீங்கள் நேரடியாக ஓ.என்.ஆர்.க்கு அறிவிக்கலாம். பொதுநலனுக்காக, உண்மை என்று நியாயமாக நம்பி அறிவிப்பவரை வேலையிடத்தில் பழிவாங்குவதற்கு எதிராக 1998 ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. உங்கள் விசா நிலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்தப் பயத்தில்தான் எங்கள் ஆட்கள் பலர் வாய் திறப்பதில்லை.

10. விலகும்போது

ஒப்பந்தம் முடிந்து விலகும்போது வகைப்படுத்தப்பட்ட தொழிலாளிக்கு மொத்தக் கதிரளவின் முடிவுப் பதிவு வரும். பிரதியைக் கேட்டு வாங்குங்கள். வெளி ஒப்பந்தக்காரராக வேறு தளங்களுக்குப் போகிறவருக்குக் கதிர்வீச்சுக் கைப்புத்தகம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு தளத்திலும் வேலை முடிந்ததும் அங்கே பட்ட அளவை எழுதுவித்துக்கொண்டுதான் வாசலைக் கடக்க வேண்டும். கடைசி நாள் அவசரத்தில் வெறுமையாக விட்டுவிட்டுப் பிறகு தேடித் திரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்களுக்கு 75 வயதாகும் வரையோ, பதிந்த நாளிலிருந்து குறைந்தது 30 வருடமோ, எது பிந்தியதோ அதுவரை உங்கள் பதிவை அவர்கள் வைத்திருக்க வேண்டும். இந்தத் துறையில் கதிர்வீச்சோடு தொடர்புள்ள நோய்களுக்கு இழப்பீட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது, குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம். அதற்கு அடிப்படை இந்தப் பதிவுதான். எனவே யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வருவதாக இருந்தால் ஊர் முகவரியை எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பிரதி ஒன்றைப் பிறப்புச் சான்றிதழோடு ஒரே கோப்பில் வைத்து, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.